வெற்றிக் கணக்கைத் தாண்டிய பெருமை: ஏசிசி கூடைப்பந்துப் பயிற்சியாளர்களின் மரபு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பு (ஏசிசி) தனியிடம் பெற்றதற்கு அதன் பயிற்சியாளர்களே முக்கியக் காரணம்.

வடக்கு கரோலினா பல்கலைக்கழக அணியை 1961 முதல் 1997 வரை வழிநடத்திய டீன் ஸ்மித், 879 வெற்றிகளையும் 2 தேசியப் பட்டங்களையும் ஈட்டினார். மைக்கேல் ஜோர்டான் அவரிடம் பயின்றவர். நிறப் பாகுபாடு நிலவிய 1960-களில் சார்லி ஸ்காட் என்ற கறுப்பின வீரரை உதவித்தொகையுடன் அவர் அணியில் சேர்த்தார்.

அருகிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் 1980-இல் பொறுப்பேற்ற மைக் ஷிஷெவ்ஸ்கியின் முதல் 3 பருவங்களில் இரண்டில் தோல்விகளே மிகுந்திருந்தன. எனினும், நிர்வாகம் அவரை நீக்கவில்லை. 2022-இல் ஓய்வு பெறுவதற்குள் அவர் 5 தேசியப் பட்டங்களை வென்றார்.

2015-இல் காலமான ஸ்மித், தம்மிடம் ஆடிய வீரர்கள் ஒவ்வொருவருக்கும் இரவு விருந்துக்காக 200 டாலர் வழங்குமாறு உயில் எழுதியிருந்தார்.