தூக்கம் சொல்லிக்கொண்டு வராது: நீண்ட பைக் பயணமும் களைப்பும்

பெரம்பலூர் புறவழிச்சாலையின் விளக்குகள் ஞாபகம் இருக்கின்றன. அடுத்து ஞாபகம் இருப்பது, தார் முடிந்து மண்ணில் டயர் இறங்கிய சத்தம். நடுவில் ஒன்றுமே இல்லை. பாடாலூருக்குப் பக்கத்தில் எங்கோ, அதிகாலை மூன்றரை மணி. பதறிப்போய் பிரேக் அடித்து வண்டி நின்றபோது, ஹெட்லைட் வெளிச்சத்தில் இருபதடி தூரத்தில் ஒரு லாரி, பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

இது நடந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. சென்னையிலிருந்து மதுரைக்கு, சுமார் 460 கிலோமீட்டர். ஆபீஸில் ஒரு ரிலீஸை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குக் கிளம்பியிருந்தேன். "காலைல டிபனுக்கு வந்துடுவேம்மா"ன்னு போனில் சொல்லியாச்சு. வண்டியில் கோளாறு இல்லை, மழை இல்லை, குடிக்கிற பழக்கமும் இல்லை. எண்பதுக்கு மேல் போகவில்லை. விக்கிரவாண்டியில் ஒரு டீ, உளுந்தூர்பேட்டையில் ஒரு டீ. எல்லாம் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தேன், அப்புறம் எப்படி? இந்தக் கேள்விதான் என்னைத் தூக்கம் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்க வைத்தது. அந்தக் குறிப்புகளின் சுருக்கம் இது.

குடிக்காமலே போதை

அன்று காலை 6 மணிக்கு எழுந்தவன், இரவு 11 மணிக்குக் கிளம்பும்போதே விழித்து 17 மணி நேரம் ஆகியிருந்தது. 1997இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்-கை ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரத்தில் அது சுமார் 0.10% அளவுக்குப் போகிறது என்பதுதான் அதன் சாரம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03%. ஆக, சைடு ஸ்டாண்டை எடுத்தபோதே நான் அந்த வரம்பைத் தாண்டியவன் மாதிரிதான் ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். ஊதிப் பார்த்திருந்தால் சுத்தமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, நேரம். தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி ஒரு மாதிரியை முன்வைத்தார். ஒன்று, விழித்திருக்க விழித்திருக்கக் கூடிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். இரண்டாவது, உடலுக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரம். அந்தக் கடிகாரத்தின் அடிமட்டம் ஏறக்குறைய அதிகாலை 2 முதல் 5 மணி வரை. மதியம் 2 முதல் 4 வரை இன்னொரு சின்னப் பள்ளம் உண்டு. மதியத் தூக்கத்துக்குச் சாப்பாடுதான் காரணம் என்று நினைக்கிறோம். சாப்பிடாவிட்டாலும் அது வரும். ஃபுல் மீல்ஸ் அதை இன்னும் கூட்டிவிடும். மூன்றரை மணிக்கு எனக்கு இரண்டு விசைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்திருக்கின்றன.

"பைக்ல எவனாவது தூங்குவானா?"

இதைச் சொன்னால் நண்பர்கள் கேட்பது இதைத்தான். காத்து மூஞ்சில அடிக்குது, எப்படித் தூக்கம் வரும்? வரும். அதற்குப் பெயர் நுண்தூக்கம். சில விநாடிகள் மூளை வெளியுலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்கிறது. கண் திறந்திருந்தால்கூட இது நடக்கலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. நான்கு விநாடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அந்த வேகத்தில் பைக் தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு நேராகப் போகும் இயல்புள்ளது. அதனால் நேர் சாலையில் தூங்கினால் உடனே விழ மாட்டோம். தூங்கினோம் என்பதே தெரியாமல் எழுந்து மேலே போய்க்கொண்டிருப்போம். ஒரு வளைவோ, நின்றிருக்கும் லாரியோ வரும்வரை.

முகத்தில் காற்று, பாட்டு என்று நாம் நம்பும் வைத்தியங்களை ஹார்ன், ரேனர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கார் ஓட்டும் சிமுலேட்டரில் சோதித்திருக்கிறார்கள். குளிர்ந்த காற்றும் ரேடியோவும் கொடுத்த பலன் கொஞ்ச நேரத்துக்குத்தான். உருப்படியாக உதவியது காபியும் கால் மணி நேரக் குட்டித் தூக்கமும்.

மூளை தன்னைத் தானே அளக்காது

என்னை அதிகம் உலுக்கியது 2003இல் வான் டோங்கன் குழு வெளியிட்ட ஆய்வு. தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்க அனுமதித்து 14 நாள் கவனித்தார்கள். கடைசியில் அவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவு சுத்தமாகத் தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் "தூக்கம் வருதா?" என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில், முதல் சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக மாறவே இல்லை. திறன் இறங்கிக்கொண்டே போகிறது, 'நல்லாத்தான் இருக்கேன்' என்ற நினைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு ஒப்புமை உண்டு. தொங்கிப்போன புரோகிராம் தான் தொங்கிவிட்டதைத் தானே சொல்லாது. அதனால் வெளியே 'வாட்ச்டாக்' என்று ஒரு டைமரை வைப்போம். அதற்குள் சொன்ன நேரத்தில் பதில் வராவிட்டால், கேள்வியே கேட்காமல் நிறுத்தி மறுபடி தொடங்கிவிடும். "களைப்பா இருந்தா நிறுத்திக்கலாம்" என்பது தொங்கிப்போன புரோகிராமிடமே நிலவரம் கேட்பது மாதிரி. நிறுத்தும் முடிவை, தெளிவாக இருக்கும்போதே, வீட்டில் உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும்.

காற்று, சத்தம், வெயில்

கார்காரருக்கு இல்லாத சில களைப்புகள் நமக்கு உண்டு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80லிருந்து 100க்குப் போனால் நெஞ்சில் அறையும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. ஹெல்மெட்டுக்குள் கேட்கும் இரைச்சல் நெடுஞ்சாலை வேகத்தில் சர்வசாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். சத்தத்தைக் குறைக்கும் பஞ்சு அடைப்பான்களைக் காதில் வைத்துக்கொண்டபோதுதான், சாயங்கால அசதியில் பாதி அந்த இரைச்சலால் வந்தது என்று எனக்குப் புரிந்தது.

வெயில் இன்னும் மோசம். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளியே 40 டிகிரி என்றால் வீசும் காற்று உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும். வியர்வை ஆவியாவதுதான் ஒரே குளிர்ச்சி. அதுவும் உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் இழக்கிறோம் என்றே தெரியாது. டீ-ஷர்ட்டோடு போவதைவிட உள்பனியனை நனைத்து, மேலே வலைத்துணி ஜாக்கெட் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

நான் இப்போது கடைப்பிடிப்பது

1. முந்தின இரவு 7 மணி நேரத் தூக்கம் இல்லையென்றால் கிளம்புவதில்லை. சளிக்கு செட்டிரிசின் மாதிரி மாத்திரை போட்டிருந்தாலும் கிளம்புவதில்லை.

2. காலை 5 மணிக்கு எடுத்தால் வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டும். நள்ளிரவு முதல் விடியும்வரை ஓட்டுவதே இல்லை. எழுந்து 14 மணி நேரம் ஆகிவிட்டால் எங்கே இருந்தாலும் அங்கேயே தங்கல்.

3. 90 நிமிடத்துக்கு ஒரு அலாரம். அடித்ததும் அடுத்த பெட்ரோல் பங்க் அல்லது டீக்கடையில் நிறுத்தம். ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் நடை. "இன்னும் தெம்பா இருக்கேனே" என்ற வாதம் செல்லாது.

4. கடைசியாகக் கடந்த மூன்று ஊர்களின் பெயர் ஞாபகம் வரவில்லையா, கியர் தவறுகிறதா, லேன் நழுவுகிறதா, அலாரத்துக்குக் காத்திருப்பதில்லை. ஒரு காபி, உடனே 20 நிமிடத் தூக்கம். காபி ரத்தத்தில் ஏறவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்ததும் மந்தம் தெளிய ஐந்து பத்து நிமிடம் விட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். இது பக்கத்து ஊர் லாட்ஜ் வரை போய்ச்சேரத்தான், மிச்சமிருக்கும் 200 கிலோமீட்டரை முடிக்க இல்லை.

நேரம் போகுமே என்றால், ஒரு கணக்கு. 460 கிலோமீட்டரை 80 வேகத்தில் ஓட்டினால் 5 மணி 45 நிமிடம். 90 வேகத்தில் 5 மணி 7 நிமிடம். வழி முழுக்க விரட்டி மிச்சம் பிடிப்பது 38 நிமிடம்தான். அதைக் கொடுத்துவிட்டால் மூன்று நிறுத்தங்கள் கிடைத்துவிடும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று என்னை ஓட்டியது அம்மாவிடம் சொன்ன அந்த டிபன் நேரம். லாரிக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு விடியும்வரை சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது மணி பத்தரை. இட்லியை மூடி வைத்துக் காத்திருந்தார். "கண்ணு ஏன்டா இப்படிச் செவந்திருக்கு?" என்றார். தூசி என்று சொன்னேன்.

இப்போதும் போன் போட்டு "எத்தன மணிக்குடா வருவ?" என்றுதான் கேட்பார். மணி சொல்வதை விட்டுவிட்டேன். "வர்றப்ப வருவேம்மா, நீ சாப்பிட்டுடு."