பன்றிக்கு வைத்த கம்பியில் சிக்குவது யார்?

ஈ.சி.ஆரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டாமல் போக மாட்டார்கள். பாத்தி பாத்தியாக உப்பளம், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், ஒரு செல்ஃபி... அவ்வளவுதான், கிளம்பிவிடுவோம். உப்பளத்தைத் தாண்டி மேற்கே போனால் காட்சி மாறும். நெல், தர்பூசணி, சவுக்கு, நடுநடுவே மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். விழுப்புரம் மாவட்டத்தில் மல்லாட்டை போட்ட ஒருவரிடம் 'என்ன பிரச்னை?' என்று கேட்டுப் பாருங்கள். மழையையும் விலையையும் சொல்லி முடித்த கையோடு, 'இந்தப் பன்னித் தொல்லை வேற' என்பார்.

அந்தத் தொல்லை பயிரோடு நிற்பதில்லை. நோய், கூடு கட்டும் பறவைகள், ராத்திரி வரப்பில் நடக்கிற மனிதரின் உயிர் என்று அது நீள்கிறது. அதில் பாதி, பன்றி செய்வதில்லை. பன்றிக்குப் பயந்து நாம் செய்வது!

ஒரே ராத்திரியில் எப்படி?

காட்டுப்பன்றிக்குக் கண்ணைவிட மூக்கு பலம். விதைத்த மறுநாளே வந்து, சால் பிடித்து நடந்து, ஒவ்வொரு விதையாகத் தோண்டித் தின்னும். தப்பிய செடி காய் பிடித்ததும் மறுபடி வரும். கூட்டமாக வருவதால் தின்பதைவிட மிதித்துப் புரட்டி நாசம் செய்வதே அதிகம்.

பெருகுவதும் வேகம். சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள்தான். ஒரு ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள், சில நேரம் அதற்கு மேலும். காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாம் இதை அடித்துத் தின்று கணக்கை நேராக்கும். சமவெளியில் அதற்கு ஆள் இல்லை. ஒளிந்துகொள்ள சீமைக்கருவேலம் புதரும் கரும்புத் தோட்டமும் இருக்கின்றன. நல்லபடி வியர்க்காத உடம்பு என்பதால் புரள்வதற்குச் சேறு வேண்டும். அதற்கு ஏரியும் ஓடையும் இருக்கின்றன. தெருமுனைக் குப்பை வேறு. பன்றிக்கு வேறென்ன வேண்டும்?

கழுவெளியும் ஆமை முட்டையும்

மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கழுவெளி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தரையில் கூடு வைக்கிற பறவைகளின் முட்டை பன்றிக்குச் சுலபமான தீனி. கடற்கரை மணலில் பங்குனி ஆமை முட்டையிடும் காலமும் உண்டு. ஒடிசா கடற்கரைகளில் ஆமைக் கூடுகளைத் தோண்டும் விலங்குகளில் நரி, நாயோடு காட்டுப்பன்றியும் உண்டு என்பதால், இந்தக் கரைக்கும் இது சம்பந்தமில்லாத விஷயம் இல்லை.

அதற்காகப் பன்றி வில்லன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காட்டில் அது மண்ணைக் கிளறி விடுகிறது, விதை பரப்புகிறது, புலிக்கும் சிறுத்தைக்கும் இரையாகிறது. இடம் மாறி, எண்ணிக்கை கூடும்போதுதான் சிக்கல்.

என்ன நோய் வரும்?

பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இந்தியாவில் 2020-ல் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசத்தில் தலைகாட்டியது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்து செத்து விழுந்தபோது, பரிசோதனையில் இதுதான் காரணம் என உறுதியானது. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால், பன்றி வளர்க்கிறவரின் பிழைப்பை ஒரே வாரத்தில் காலி செய்துவிடும். சிகிச்சை கிடையாது. செத்த பன்றி, அதன் இறைச்சி, ஹோட்டல் மிச்சம், செருப்பில் ஒட்டிய சேறு... எது வழியாகவும் பரவும்.

இரண்டாவது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல். மரக்காணம் பக்கம் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அறியப்பட்டதே 1955-ல், வேலூர் பகுதியில். விழுப்புரமும் கடலூரும் இந்த நோய் இருக்கும் மாவட்டங்கள். கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் உடலில் வைரஸ் இருக்கும். நெல் வயல் தண்ணீரில் வளரும் கொசு அதைப் பன்றிக்குக் கொண்டு போகும். பன்றிக்குப் பெரிதாக நோய் தெரியாது. ஆனால், அதன் ரத்தத்தில் வைரஸ் பல மடங்கு பெருகும். அங்கிருந்து கொசு வழியாகக் குழந்தைகளுக்கு. இதில் வீட்டுக்குப் பக்கத்திலேயே திரியும் ஊர்ப்பன்றிக்குத்தான் பெரிய பங்கு. பறவை, நெல், பன்றி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் ஊர்களில் குழந்தைக்கு இரண்டு தவணைத் தடுப்பூசியை விட்டுவிடவே கூடாது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி இன்னொன்று.

மூன்றாவது, இறைச்சி. சரியாக வேகாத காட்டுப்பன்றிக் கறியில் புழுத் தொற்று வரலாம். அதற்கு முன்னால், சட்டம் வரும். காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடுவதும் கறி விற்பதும் குற்றம்.

கம்பியில் ஓடும் எமன்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மோட்டார் ஷெட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, வயலைச் சுற்றி வெறும் கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரி மட்டும்தானே என்று நினைப்பு. அதில் பன்றி மட்டுமா சிக்குகிறது? தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரர், ஆட்டைத் தேடிப் போன சிறுவன், மறந்துபோய் மிதித்த வயலின் சொந்தக்காரர் என்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருடமும் செய்தி வருகிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தனியாக நின்றன. வெடிகாயும் இதே கதைதான். 2020-ல் பாலக்காட்டில் கர்ப்பிணி யானையின் வாயைச் சிதைத்தது, பன்றிக்கு வைத்த வெடிதான்.

உப்பளக் கரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்பு ஊறிய ஈர மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வெறுங்காலோடு நடப்பவருக்குத் தப்பிக்க வாய்ப்பு இன்னும் குறைவு. வீட்டு கரன்ட் விடாமல் பாய்வதால் தசை இறுகி, தொட்ட கையை எடுக்க முடியாது. சோலார் வேலி அப்படியல்ல. நொடிக்கு ஒரு முறை, கண நேரத் துடிப்பாக மட்டும் அடிக்கும். சுருக்கென்று வலிக்கும், விலங்கு ஓடிவிடும், உயிர் போகாது. இதற்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டா என்று கேளுங்கள். மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த 2023-ல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது.

சுடலாமா, கூடாதா?

'கவர்மென்ட்டே சுடச் சொல்லிடுச்சு' என்ற பேச்சு ஊரில் உலவுகிறது. பாதிதான் உண்மை. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை, பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கி.மீ-க்கு அப்பால்தான் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், வனப் பணியாளர் அடங்கிய கிராமக் குழு வழியாகக் கோரிக்கை போக வேண்டும். நாமே நாட்டுத் துப்பாக்கி எடுத்தால் வழக்கு நம் மீதுதான்.

என்ன செய்யலாம்?

* பயிர் அழிந்தால் அன்றே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ-விடமும் வனச்சரக அலுவலகத்திலும் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள்.
* வரப்போரம் பழைய சேலை கட்டுவது, ஆமணக்கு நடுவது உதவும். பன்றிக்குப் பழகிவிடும் என்பதால், முறையை மாற்றிக்கொண்டே இருங்கள்.
* நேரில் பார்த்தால் துரத்தாதீர்கள், வழி விடுங்கள். குட்டியோடு இருக்கும் தாய்ப்பன்றி நேராக முட்ட வரும். திண்ணையோ மரமோ, உயரமான எதிலாவது ஏறிக்கொள்ளுங்கள்.
* கடித்தாலோ கிழித்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ், டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம்.
* செத்த பன்றியைத் தொட வேண்டாம். கால்நடை மருத்துவருக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.
* பன்றி வளர்ப்பவர்கள் ஹோட்டல் மிச்சத்தை அப்படியே போடக் கூடாது.

மல்லாட்டை போனால் அடுத்த பட்டத்தில் மறுபடி போடலாம். ராத்திரி மடை திருப்பப் போனவர் விடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். இன்றைக்கு உங்கள் வயலிலோ, பக்கத்து வயலிலோ வெறும் கம்பி ஓடுகிறது என்றால், முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள். பன்றியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.