ஒரே குரல், பல அரங்குகள்

ஒரே பாடகரின் கச்சேரியை ஊர் ஊராகத் தொடர்ந்து சென்று கேட்கும் ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நேற்றுக் கேட்ட பாட்டுகளையே இன்று வேறோர் ஊரில் கேட்பார்கள். நாளைய கச்சேரிக்கும் நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருப்பார்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கும். எந்த ஊர், எந்த நாள், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்ற பட்டியல் அதில் வளர்ந்துகொண்டே போகும். வீட்டார் இதைப் பைத்தியம் என்பார்கள். "கேட்டதையே கேட்பதில் என்ன இருக்கிறது?" என்பது அவர்கள் கேள்வி.

இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் இதே கேள்வி எழுவதுண்டு. "ஊசலின் அலைவு நேரத்தை ஒருமுறை அளந்துவிட்டோமே, மீண்டும் மீண்டும் ஏன் அளக்க வேண்டும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். குண்டை மாற்றாமல் நூலின் நீளத்தை மட்டும் மாற்றி மாற்றி அளந்தால்தான் எது எதைச் சார்ந்தது என்பது புலப்படும். ஒன்றை நிலையாக வைத்து மற்றொன்றை மாற்றிப் பார்ப்பதே சோதனையின் இலக்கணம். கச்சேரிப் பயணத்தைத் தொடரும் ரசிகரும், தம்மை அறியாமலே, இத்தகைய ஒரு சோதனையைத்தான் நடத்துகிறார்.

அந்தச் சோதனைக்கு மிகவும் ஏற்றது தனியொருவர் கச்சேரியாகும். பெரிய வாத்தியக் குழு இருந்தால் மாறக்கூடியவை பலவாகிவிடும். தானே பாட்டு எழுதி, தானே மெட்டமைத்து, பக்கவாத்தியம் ஏதுமின்றித் தானே கிட்டார் வாசித்துப் பாடும் ஒருவர் என்றால், ஒலி பிறக்கும் இடம் ஒன்றுதான். மாறுவது அரங்கும் அன்றைய காற்றும் கேட்க வந்த கூட்டமும் மட்டுமே. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம்.

ஒரு குளிர்காலப் பயணம்

நீல் யங் கனடா நாட்டைச் சேர்ந்த பாடகர். 1945-இல் டொராண்டோ நகரில் பிறந்தவர். (இயற்பியல் மாணவர்கள் இவரை யங் குணகத்தின் யங் என்று எண்ணிவிட வேண்டாம். அவரும் சற்று நேரத்தில் வருவார்.) 1970-ஆம் ஆண்டு இறுதியிலும் 1971-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் இவர் தன்னந்தனியாகப் பல ஊர்களில் பாடினார். அப்போது அவருக்குக் கடுமையான முதுகுவலி. கனமான மின் கிட்டாரைத் தோளில் மாட்டி நிற்க இயலாததால், உட்கார்ந்தபடி சாதாரண மரக் கிட்டாரையும் பியானோவையும் வாசித்தார்.

அரங்குகளைப் பாருங்கள். 1970 நவம்பர் 30 முதல் டிசம்பர் 2 வரை வாஷிங்டனில், இருநூறு பேர்கூட அமர முடியாத 'செல்லார் டோர்' என்ற சிறு விடுதி. டிசம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கில் ஏறத்தாழ 2,800 இருக்கைகள் கொண்ட கார்னகி ஹால். 1971 ஜனவரி 19-இல் பிறந்த ஊரான டொராண்டோவின் மாஸி ஹால். 22-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஷேக்ஸ்பியர் பெயரால் அமைந்த நாடக அரங்கு. 30-இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தின் ராய்ஸ் ஹால். பிப்ரவரி இறுதியில் கடல் கடந்து, லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். மூன்று மாதங்களுக்குள் ஒரே குரலை இத்தனை வகைக் கட்டடங்கள் ஏற்றுக்கொண்டன.

நான் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே முடிந்துபோன பயணம் இது. ஆயினும் இவற்றுள் பல கச்சேரிகளின் ஒலிப்பதிவுகள் பிற்காலத்தில் வெளிவந்துவிட்டன. ஆகவே இன்று வீட்டில் அமர்ந்தபடியே அந்த ரசிகர்களின் பின்னால் நாமும் செல்லலாம். நான் பல இரவுகள் அப்படிச் சென்றிருக்கிறேன்.

சேபினின் மெத்தைகள்

கார்னகி ஹால் திறக்கப்பட்டது 1891-இல். மாஸி ஹால் 1894-இல். அரங்கின் ஒலி எப்படி அமையும் என்பதை முன்கூட்டியே கணக்கிடும் முறை அப்போது எவருக்கும் தெரியாது. கட்டியவர்கள் பழைய அரங்குகளைப் பார்த்தும் அனுபவத்தை நம்பியுமே கட்டினார்கள்.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கு ஒன்றில் பேச்சே விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்து விநாடிக்கும் மேலாக அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொல் மறையுமுன் அடுத்து வந்த பத்துச் சொற்கள் அதன்மேல் விழுந்தன. இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவருக்கு அப்போது வயது இருபத்தேழு.

சேபினிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழல், ஒரு நேரங்காட்டி, தம் இரு செவிகள் ஆகியவையே. தெரு ஓசை அடங்கிய நள்ளிரவில் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்துவார். ஒலி முற்றிலும் மறையும்வரை நேரத்தை அளப்பார். அருகிலிருந்த நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து சிறிது சிறிதாகப் பரப்பி மீண்டும் அளப்பார். மெத்தைகள் கூடக்கூட ஒலி விரைவில் மறைந்தது. தாம் அணிந்திருக்கும் உடைகூட அளவீட்டை மாற்றுவதைக் கண்ட பின்னர், எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே வகை உடையையே அணிந்துகொண்டார்!

ஒலி பிறப்பது நின்ற பின்னும் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி நீடிப்பதை எதிர்முழக்கம் என்கிறோம். ஒலிச்செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம் எதிர்முழக்க நேரம். சேபின் கண்ட விதி எளியது. அரங்கின் கன அளவை மீட்டர் கணக்கில் எடுத்து 0.161 ஆல் பெருக்கி, அரங்கின் மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் விநாடிகளில் கிடைக்கும். ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் தன்மேல் விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும் அல்லவா? உட்கவர் பரப்புக்கு அதுவே அலகு. இவ்விதியைக் கொண்டு வடிவமைக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-இல் திறக்கப்பட்டது. இன்றும் உலகின் சிறந்த இசையரங்குகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

ஒரு ரசிகரின் பங்கு

மெத்தை ஒலியை விழுங்குமானால் மனிதரும் விழுங்குவர். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொள்பவை. ஓர் அரங்கின் கன அளவு 15,000 கன மீட்டர். ஆளில்லாதபோது உட்கவர் பரப்பு 1,000 சதுர மீட்டர். எதிர்முழக்க நேரம் 2.4 விநாடி. மாலையில் 2,500 பேர் வந்து அமர்கிறார்கள். ஒவ்வொருவரும் வெற்று இருக்கையைவிட 0.3 சதுர மீட்டர் அதிகமாக ஒலியை விழுங்குவதாகக் கொண்டால், 750 சதுர மீட்டர் கூடுகிறது. எதிர்முழக்க நேரம் 1.4 விநாடியாகச் சுருங்கிவிடுகிறது.

ஒரு விநாடி குறைந்தது சிறிய செய்தியன்று. பிற்பகலில் வெற்று அரங்கில் பாடிப் பார்த்தபோது ஒன்றோடொன்று குழம்பிய சொற்கள், இரவில் தெளிவாக நிற்கின்றன. பெரிய வாத்தியக் குழுவின் இசைக்கு இரண்டு விநாடி எதிர்முழக்கம் அழகு சேர்க்கும். பேச்சுக்கு ஒரு விநாடியே போதும். கிட்டாருடன் கதை சொல்லும் பாடகருக்கு இரண்டும் வேண்டும். சொல் விளங்க வேண்டும். கம்பியின் நாதம் நிற்கவும் வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ரசிகரின் பங்கு எவ்வளவு? மேற்கண்ட கணக்கின்படி, அவர் வந்து அமர்வதால் எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ நான்காயிரத்தில் ஒரு விநாடி குறைகிறது. எந்தச் செவியும் அதை உணராது. ஆனால் அது சுழியன்று. ரசிகர் கச்சேரியைக் கேட்க மட்டும் வரவில்லை. அது ஒலிக்கும் முறையில் அவருக்கும் ஒரு கை இருக்கிறது.

மைக்கும் ஒலிபெருக்கியும் இருக்கையில் இதெல்லாம் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். பொருந்தும். ஒலிபெருக்கி நேரடி ஒலியை மிகுதியாக்கிக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. வெளிவந்த ஒலி அரங்கில் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைச் சுவரும் கூரையும் மனிதர்களுமே முடிவு செய்கின்றனர்.

கம்பி தளர்வதேன்?

இத்தகைய கச்சேரிகளில் பாடகர் பாட்டுக்குப் பாட்டு கிட்டாரின் முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருப்பதைக் காணலாம். இங்கேதான் மற்ற யங் வருகிறார்.

இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கிட்டாரின் மெல்லிய எஃகுக் கம்பியில் இழுவிசை ஏறத்தாழ 70 நியூட்டன். மேடை விளக்குகளின் வெப்பத்தால் கம்பி 5 பாகை சூடேறினால் அது நீள முயல்கிறது. ஆனால் இரு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால் நீள முடியாமல் தளர்கிறது. எஃகின் யங் குணகத்தையும் வெப்ப விரிவையும் கொண்டு கணக்கிட்டால் இழுவிசை ஒரு விழுக்காடு அளவு குறையும். அதிர்வெண் அரை விழுக்காடு இறங்கும். இரு அடுத்தடுத்த சுரத்தானங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சுமார் 6 விழுக்காடு. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு பிசகினாலும் பழகிய செவி கண்டுகொள்ளும். கம்பி மெல்லியதாக இருந்தால் விரைவில் சூடேறும். தடித்த கம்பி மெதுவாக. ஆகவே எல்லாம் ஒரே அளவாகவும் தளர்வதில்லை.

மரமும் சும்மா இருப்பதில்லை. ஈரக்காற்றில் பலகை உப்பும், கம்பிகள் இறுகும். வட அமெரிக்கக் குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அரங்குகளின் காற்று மிகவும் உலர்ந்தது. அப்போது பலகை சுருங்கும். ஆகவே ஊருக்கு ஊர் கிட்டாரின் குணமும் மாறுகிறது.

பாட்டும் மாறிய கதை

நாம் நிலையானவர் என்று வைத்துக்கொண்ட பாடகர் மெய்யாகவே மாறாதவரா? குறிப்பேட்டுடன் பின்தொடரும் ரசிகருக்குக் கிடைக்கும் பெரிய பரிசு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மாஸி ஹாலில் யங் பாடியவற்றுள் பல அதுவரை இசைத்தட்டாக வெளிவராதவை. அவற்றுள் ஒன்று 'ஹார்ட் ஆஃப் கோல்ட்'. அன்று அது தனிப்பாட்டாகவே இல்லை. பியானோவில் வாசித்த வேறொரு பாட்டின் வாலாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்துக் கனெக்டிகட்டிலும் அப்படியே. ஆனால் பிப்ரவரி முதல் வாரத்தில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது கிட்டாரும் மௌத் ஆர்கனும் கொண்ட தனிப்பாட்டாகப் பதிவாயிற்று. 1972-இல் அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பெற்றது அந்தப் பாட்டுதான். இசைத்தட்டை மட்டும் வாங்கியவர் கண்டது காய்த்த மரத்தை. பயணத்தைத் தொடர்ந்தவர் கண்டது முளை விடுவதை.

அதே 'ஹார்வெஸ்ட்' இசைத்தட்டில் ஹெராயின் என்னும் போதைப்பொருளால் அழிபவரைப் பற்றிய சிறு பாட்டு ஒன்று உண்டு. அது மட்டும் ராய்ஸ் ஹாலில், கூட்டத்தின் முன்னிலையில், ஜனவரி 30-இல் பாடியபடியே சேர்க்கப்பட்டது. பாடி முடிக்கும்வரை நூற்றுக்கணக்கானோர் அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள். பிறகு கைதட்டல் எழுகிறது. அந்த அமைதியும் அப்பதிவின் ஒரு பகுதியே.

பதிவு சொல்வதும் சொல்லாததும்

மைக் பாடகரின் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கிறது. ரசிகர் 20 மீட்டரில். தொலைவு நூறு மடங்கு. எனவே நேரடி ஒலியின் செறிவு பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே மேடை மைக்கின் பதிவில் பாடகர் இருப்பார், அரங்கு மிகக் குறைவாகவே இருக்கும். அரங்கைக் கேட்க வேண்டுமானால் கைதட்டல் அடங்கும் இடத்தையும், கடைசி மீட்டல் ஓயும் இடத்தையும் உற்றுக் கேளுங்கள்.

ரசிகர்கள் இருக்கையில் ஒளித்து வைத்துப் பதிவு செய்த நாடாக்கள் இதற்கு நேர்மாறானவை. இருமலும் முணுமுணுப்பும் அவற்றில் மிகுதி. சட்டத்துக்கும் அவை உட்பட்டவையல்ல. எனினும் அந்த இருக்கையில் ஒலி எப்படி வந்து சேர்ந்தது என்பதை அவையே காட்டுகின்றன. 2021 முதல் யங் தம் பழைய கச்சேரிகள் சிலவற்றை, அத்தகைய கள்ளப் பதிவுகளின் பெயரையே சூட்டி, ஒரு வரிசையாகத் தாமே வெளியிட்டார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். பள்ளி வகுப்பறை காலியாக இருக்கும்போது ஒருமுறை பலமாகக் கைதட்டி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அறை நிறைய மாணவர்கள் அமைதியாக அமர்ந்திருக்கும்போது அதே இடத்தில் நின்று மீண்டும் தட்டுங்கள். இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சேபின் பல இரவுகள் விழித்துக் கண்டது உங்கள் செவிக்கும் எட்டும்.

முப்பத்தாறு ஆண்டுகள்

மாஸி ஹால் கச்சேரியைப் பதிவு செய்தவர் யங்கின் தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ். இதையே இசைத்தட்டாக வெளியிட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். யங்கின் மனம் நாஷ்வில்லில் உருவான புதிய பதிவுகளில் இருந்தது, அவர் இணங்கவில்லை. நாடா அலமாரிக்குச் சென்றது. 1995-இல் பிரிக்ஸ் மறைந்தார். பல்லாண்டுகள் கழித்து அப்பதிவைக் கேட்ட பிறகுதான் அவர் ஏன் அப்படி வற்புறுத்தினார் என்பது தமக்கு விளங்கியதாக யங் கூறினார். அது 2007-இல் வெளிவந்தது. அதைக் கேட்கப் பிரிக்ஸ் இல்லை.

பாடியவருக்கே தெரியாத ஒன்று கேட்டவருக்குத் தெரிந்திருந்தது. ஊர் ஊராகச் செல்லும் ரசிகரைப் பைத்தியம் என்று சொல்லுமுன் இதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் இரவில் ஓர் அரங்கில், குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரத்திலும், குறிப்பிட்ட மனிதர்கள் நடுவே எழுந்த ஒலி மறுநாள் திரும்பி வருவதில்லை. கேட்டதையே அவர் கேட்கிறார் என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் கணக்கு. அவருடைய குறிப்பேட்டில் இரண்டு இரவுகள் ஒன்றாக இருப்பதில்லை.