மாமா கை ஏன் உதறுது?

எங்க மாமா கிணற்றில் மூழ்கிப் பிழைத்தவர். மூச்சு நின்றதில் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. நினைவு திரும்பிய பிறகு, டம்ளரை எடுக்கப் போனாலே கை வெடுக்கென்று உதறும். சும்மா இருந்தால் உதறாது. அதனால் தெருவில் "நடிக்கிறான்"னு பேசினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நடிப்பு இல்லை. இது மயோகுளோனஸ். 1963-இல் லான்ஸ், ஆடம்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த வகையை விவரித்தார்கள். ஒரு வேலையைச் செய்யப் போகும்போதுதான் உதறல் கூடும். திடீர்ச் சத்தமும் தூண்டிவிடும்.

குளோனசிபாம், வால்ப்ரோயேட், லெவிடிராசிடம் மாதிரி மாத்திரைகள் உதறலைக் குறைக்கும். முழுசா நிற்கும்னு சொல்ல முடியாது. குளோனசிபாம் சாப்பிட்டால் தூக்கமா வரும். அதுக்காக, டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

மாமா இப்போ பாதி டம்ளர் காபியை அவரே குடிக்கிறார். எங்க வீட்டுக்கு வந்தால் பின்னாலிருந்து கத்திக் கூப்பிடாதீங்க, முன்னால் வந்து பேசுங்க.