எழுபது வயதில் ஒரு 'சின்ன வீடு'!

தலைப்பைப் பார்த்து வாயில் கை வைக்காதீர்கள், சகோதரிகளே! நிஜமாகவே சின்னதாக ஒரு வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், 750 சதுர அடி. எழுபது வயதில் அதைத் தேடி அலைந்தது என் கணவர். கூடவே அலைந்தது நான்!

வீடு கட்டுவது, கடன் வாங்குவது, வாஸ்து பார்ப்பது பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதுகிறார்கள். கட்டிய வீட்டை வயதான காலத்தில் விற்பது பற்றி, அதுவும் விலை படுத்துக் கிடக்கிற நேரத்தில் விற்பது பற்றி, நான் எதுவும் படித்ததில்லை. எங்கள் அனுபவம் நாலு பேருக்காவது உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

மேற்கு தாம்பரத்தில், முடிச்சூர் போகும் பக்கம், ஒரு கிரவுண்டில் கீழும் மேலுமாக வீடு. 1991-ல் கட்டியது. மகன் பெங்களூர், மகள் திருச்சி என்று போன பிறகு கீழே நாங்கள் இரண்டு பேர், மாடியில் குடித்தனக்காரர். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரமெல்லாம் மிதந்தபோது எங்கள் ஹாலிலும் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மாடிக்கு ஏறித் தப்பினோம். குடித்தனக்காரர் அடுத்த மாதமே காலி செய்துவிட்டார். அதற்குப் பிறகு 'டு லெட்' பலகைதான் தொங்கியது, ஆள் வரவில்லை. எனக்கு முழங்கால் வலி. மாடியைப் பெருக்கவே மாதம் ஒரு முறைதான் ஏறுவேன்.

"என்னங்க, இதை வித்துட்டு சின்னதா லிப்ட் வச்ச பிளாட்டா பாத்துக்கலாமே" என்று நான்தான் முதலில் பேச்சை எடுத்தேன். அவர் சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "ஒண்ணு இருபதுக்குக் குறைஞ்சு தர மாட்டேன்!"

இந்த 'ஒண்ணு இருபது' எங்கிருந்து வந்தது தெரியுமா? 2014-ல் ஒரு புரோக்கர் வாசலில் நின்றுகொண்டே, "சார், ஒண்ணு இருபதுக்கு பார்ட்டி ரெடியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போது எங்களுக்கு விற்கும் எண்ணமே இல்லை. அந்தப் பார்ட்டியை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு கோடியே இருபது லட்சம் அவர் மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

2014 வேறு, 2017 வேறு. வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் என்றாலே ஜனங்கள் பின்வாங்கினார்கள். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்ததும், பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வாங்குகிறவர்கள் காணாமல் போனார்கள். இதற்கெல்லாம் மேலே வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று. 2012-ல் தமிழ்நாடு முழுக்க அதை ஏற்றிவிட்டார்கள். சந்தையில் விலை இறங்கின பிறகும் அது இறங்கவில்லை. வாங்குகிறவர் 90 லட்சம் கொடுத்தாலும், அரசு மதிப்பு ஒரு கோடி என்றிருந்தால் ஒரு கோடிக்குத்தான் முத்திரைத்தாள் கட்ட வேண்டும். விற்கிறவருக்கும் வருமான வரியில் அந்த மதிப்புதான் கணக்கு. யார் வருவார்கள்? 2017 ஜூனில்தான் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கியது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட கதைதான். இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்கள் சொன்ன விலை 85, 88, 90. ஒருவர் கூட ஒரு கோடியைத் தொடவில்லை. ஒருவர், 25 லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன், பத்திரத்தில் குறைத்து எழுதலாம் என்றார். 2015 ஜூன் முதல் வீடு, மனை விற்பனையில் 20 ஆயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் அதே தொகை அபராதம். அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

என்னை அதிகம் வருத்தியது விலை இல்லை. ஒரு புரோக்கர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டடத்துக்கு ஒண்ணும் போட முடியாதும்மா. மண்ணுக்குத்தான் விலை. இடிச்சுத் தள்ற செலவு வேற இருக்கு" என்றாரே, அதுதான். தேக்கு நிலைக்கதவு, நான் வேலையாட்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே நின்று பார்த்துப் போட வைத்த மொசைக் தரை, எல்லாம் பூஜ்யம்! அன்று ராத்திரி இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அந்த ஆள் சொன்னது பொய்யில்லை. இருபத்தேழு வருஷத்துக் கட்டடத்தை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இடித்துக் கட்டத்தான் வாங்குகிறார்கள்.

ஒரு கட்டுமானக்காரர், "நிலத்தைக் கொடுங்க, நாலு பிளாட் கட்டி உங்களுக்கு ரெண்டு தர்றேன்" என்றும் கேட்டார். நல்ல காலத்தில் அது நல்ல ஏற்பாடுதான். விற்பனையே இல்லாத நேரத்தில், அவர் பங்குக்கு ஆள் கிடைக்காமல் பாதியில் நின்றால்? வாடகை வீட்டில் உட்கார்ந்து எலும்புக்கூடு மாதிரி நிற்கும் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேண்டாம் என்றுவிட்டோம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்தவருக்கு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதிக் காட்டிய கணக்கு இதுதான்.

2014-ல் எங்கள் வீடு 120 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். குரோம்பேட்டையில் நாங்கள் பார்த்த மாதிரி பிளாட் அப்போது 48 லட்சம். விற்று வாங்கினால் மிச்சம் 72. இப்போது எங்கள் வீட்டுக்கு ஒருவர் 92 வரை வந்தார். பிளாட்டும் இறங்கி 42-க்கு நின்றது. மிச்சம் 50. ஆக, நஷ்டம் அவர் சொல்லிக்கொண்டிருந்த 28 லட்சம் இல்லை, 22 லட்சம். சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகிறவர்களுக்கு விலை இறங்கினால் லாபம். பெரியதிலிருந்து சின்னதுக்கு வருகிற நமக்கு நஷ்டம்தான், மறுக்கவில்லை. அது எவ்வளவு என்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சரி, விலை ஏறட்டும் என்று காத்திருந்தால்? செலவெல்லாம் போக 40 லட்சம் கைக்கு வந்து, 7 வட்டிக்குப் போட்டாலும் வருஷத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம். அது வராது. வெள்ளத்தில் ஊறிய சுவருக்குப் பூச்சு, மோட்டார், சம்ப், வர்ணம், வரி என்று பெரிய வீடு தின்கிற பணம், பிளாட்டுக்குக் கட்டும் மாதப் பராமரிப்பைக் கழித்தாலும், வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 4 லட்சம். அந்த 22 லட்சத்துக்காக ஐந்தரை வருஷம் உட்கார்ந்தால், உட்கார்ந்த செலவே 22 லட்சம்! அதற்குள் அவருக்கு 75 தாண்டிவிடும். மாடியில் நல்ல வாடகை வந்துகொண்டிருந்தால் இந்தக் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். அவரவர் வீட்டுக்கு அவரவர் போட்டுப் பார்க்க வேண்டும்.

அவர் மனம் மாறியது இந்தக் கணக்கால் மட்டும் இல்லை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு அம்மாள். அவர்களும் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். 2016-ல் அவர் கணவர் திடீரென்று தவறிவிட்டார். வீடு அவர் பெயரில், உயில் இல்லை. கணவருக்குப் பிறகு வீடு முழுதும் மனைவிக்குத்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை, சகோதரிகளே. உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், கணவரின் தாயார் இருந்தால் அவர், எல்லோருக்கும் சம பங்கு. விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்று வாங்க தாலுகா ஆபீசுக்கு நடை. அமெரிக்காவில் இருக்கும் மகனிடமிருந்து தூதரகம் வழியாக அதிகாரப் பத்திரம். அதற்குள் பேசி வைத்த ஆள் வேறு இடம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாள் அந்தப் பெரிய வீட்டில் தனியாக, ராத்திரியில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். தெருவில் நடந்து போகும்போது என் கணவரும் அதைப் பார்த்திருக்கிறார்.

2018 தையில் 92 லட்சத்துக்கு அக்ரிமென்ட் போட்டோம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது, அங்கீகாரம் வாங்கிய வரைபடம் எல்லாவற்றையும் கேட்டார்கள். வெள்ளத்தின்போது முதலில் பரணிலிருந்து மாடிக்குத் தூக்கிப் போனது அந்தப் பத்திரப் பெட்டியைத்தான், நல்லவேளை! விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து நம் பான் எண்ணில் வரியாகக் கட்டுவார். பயப்பட வேண்டாம், நம் வரிக் கணக்கில் அது வரவாகிவிடும். கிரயத்துக்கு மூன்று மாத அவகாசம் கேட்டு வாங்கினோம். அந்த மூன்று மாதத்தில்தான் பிளாட்டை முடித்தோம். விற்ற பணத்தை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டிருந்தால், வாங்கும் விலை ஏறிவிடுகிற அபாயம் இருக்கிறது.

பிளாட் பார்க்கும்போது நான் பார்த்தது குளியலறை வாசலில் படி இருக்கிறதா, கரண்டு போனால் லிப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்பதை. கடைசிக் கேள்வியை வாட்ச்மேனிடமும் இஸ்திரி போடுகிறவரிடமும்தான் கேட்டேன். விற்கிறவரிடம் கேட்டுப் பயன் இல்லை. அவர் பார்த்தது நிலத்தில் நமக்கு வரும் பிரிபடாத பங்கு எவ்வளவு என்பதை. கட்டி முடித்து ஆள் இருந்த பழைய பிளாட் என்பதால் ஜி.எஸ்.டி. கிடையாது. பத்திரச் செலவு மட்டும் அன்றைக்கு 11 சதவீதம், 4 லட்சத்து 62 ஆயிரம்! 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகி, மொத்தம் 9 ஆகியிருக்கிறது. புரோக்கர் கமிஷன், வர்ணம், குளியலறையில் கைப்பிடி என்று எல்லாம் போக எங்கள் கையில் நின்றது 41 லட்சம்.

வரி பற்றிப் பலருக்குப் பயம். விற்ற விலைக்கு வரி இல்லை, லாபத்துக்குத்தான். 2001-க்கு முன்னால் வாங்கிய சொத்துக்கு, 2001 ஏப்ரல் 1-ல் இருந்த மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால், வீட்டில் போட்ட அளவுக்கு லாபத்தில் விலக்கு. மீதி லாபத்தை ஆறு மாதத்துக்குள் இதற்கென்றே இருக்கும் அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து வருஷம் எடுக்க முடியாது. 2024 ஜூலை 23-க்குப் பிறகு வரி விகிதம் 12.5 சதவீதம், அதற்கு முன் வாங்கிய வீடு என்றால் பழைய முறைப்படி விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் கட்டுவதா என்று எது குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு ஆடிட்டரை விற்பதற்கு முன்னால் பாருங்கள், விற்ற பிறகு அல்ல.

ஆளுக்கு 15 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். அப்போது அதுதான் உச்சவரம்பு; 2023 ஏப்ரலில் 30 லட்சமாக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 60 ஆயிரத்துக்கு மேல் வட்டி. மருந்துச் செலவுக்குப் பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகள் மட்டும் சம்மதிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். "வித்துட்டா நாங்க வந்தா எங்கம்மா தங்கறது?" என்றாள் மகள். வருஷத்துக்கு ஐந்து நாள் வருகிறவர்களுக்காக முந்நூற்று அறுபது நாள் நான் பெருக்க வேண்டுமா? சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். இப்போது வந்தால் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். கொலு பொம்மைகளில் பாதி மகளிடம் போய்விட்டன. ஆட்டுக்கல்லை எடுத்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. வீட்டை இடித்த கொத்தனார் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்ததும் எங்கள் பழைய பக்கம் விலை ஏறிவிட்டது. "இப்ப வித்திருந்தா நல்ல விலைக்குப் போயிருக்கும்" என்று அவர் எப்போதாவது ஆரம்பிப்பார். குரோம்பேட்டையும்தான் ஏறியிருக்கிறது! இரண்டுமே இப்போது ஒரே தாம்பரம் மாநகராட்சி வேறு.

இன்னொரு விஷயம். புது பிளாட்டை இருவர் பெயரிலும் பதிந்தோம். அவரவர் பங்கு மற்றவருக்கு என்று தனித்தனியாக உயிலும் எழுதிப் பதிவு செய்துவிட்டோம். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. சென்னையில் 10 லட்சத்துக்கு வீடு எங்கே என்று கேட்காதீர்கள்; சின்ன ஊர்களில் இருக்கும் சகோதரிகள் பத்திர ஆபீசில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

– ஒரு வாசகி, குரோம்பேட்டை, சென்னை.