வீட்டுல ஒரு பல் டாக்டர் இருந்தா தூக்க மாத்திரை கேக்கலாமா?

"அக்கா, நீங்கதான் டாக்டராச்சே... அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே வரல, ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்." குடும்பத்தில் பல் மருத்துவர் ஒருவர் இருந்தால் இந்தப் பேச்சு எப்போதாவது வந்துவிடும். கேட்பவருக்கு இது சின்ன உதவி. எழுதுபவருக்கு அப்படியல்ல.

1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, பதிவு பெற்ற பல் மருத்துவரும் மருந்துச் சீட்டு எழுதலாம். ஆனால் அவர் படித்ததும் பதிவு செய்திருப்பதும் பல், ஈறு, தாடை சிகிச்சைக்கு. அம்மாவின் தூக்கமின்மையும் தம்பியின் முதுகுவலியும் அதில் வராது.

வேறொரு சிக்கலும் உண்டு. புது நோயாளி வந்தால், "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? குடிப்பழக்கம் இருக்கா?" என்று டாக்டர் கேட்பார். சொந்த மாமாவிடம் அப்படிக் கேட்கக் கூச்சம். தனக்கே எழுதிக்கொண்டால் கேட்க ஆளே இல்லை. எத்தனை வாரமாகச் சாப்பிடுகிறோம் என்ற கணக்கும் எங்கும் இருக்காது. அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை பழக்கமாகிவிடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். நீண்ட நாள் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். பிரிட்டனின் பல் மருத்துவக் கவுன்சில், அவசர நேரம் தவிர நெருங்கிய உறவினருக்கு மருந்து எழுத வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்கிறது. நியாயமான வரம்புதான்.

இந்த மாத்திரைகளும், 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்ட டிரமடால் என்ற வலி மாத்திரையும் 'எச்1' அட்டவணையில் உள்ளவை. இவற்றை விற்கும் மருந்துக் கடை, சீட்டு எழுதியவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். "யாருக்குத் தெரியப்போகுது" என்பது இங்கே எடுபடாது.

மாத்திரை அட்டையைப் பாருங்கள். சிவப்பில் 'ஆர்எக்ஸ்' இருந்தால் எச்1. 'என்ஆர்எக்ஸ்' என்றால் போதைப்பொருள் சட்டமும் சேரும். 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்றால் இன்னும் கடுமையான கட்டுப்பாடு. எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

பல் பிடுங்கிய வலிக்குப் பெரும்பாலும் இபுபுரூஃபன், பாராசிட்டமால் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இபுபுரூஃபனுக்கு முன் டாக்டரைக் கேட்கவும். தூக்கமின்மை, பதற்றத்துக்கு 14416 டெலி மானஸ். மாத்திரையை விட முடியவில்லை என்றால் 14446. டாக்டர்களும் இதே எண்களில் பேசலாம்.