பஞ்சம் எழுப்பிய கேள்வியும் கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சியும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், கேரளமும் தமிழ்நாடும் கூடும் எல்லையில் அமைந்த ஊர் மீனாட்சிபுரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவக் காற்று இவ்வட்டாரத்தைக் கடந்து கிழக்கே செல்லுகிறது. காற்று வலுவாக வீசினும், சித்தூர்ப் பகுதிக்குக் கிடைக்கும் மழை மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளுக்குக் கிடைப்பதைவிடக் குறைவே. ஆகவே, இவ்வாண்டு மழை எவ்வாறிருக்கும் என்ற கேள்வி இங்குள்ள உழவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

இதே கேள்வியிலிருந்துதான் நம் நாட்டின் புகழ்பெற்ற பௌதிக ஆராய்ச்சி நிலையம் ஒன்று பிறந்தது. மீனாட்சிபுரத்துக்குத் தென்கிழக்கே, இடுக்கி மலைகளோடு இணைந்து கிடக்கும் பழனி மலைத்தொடரில், 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையமே அது.

பஞ்சமும் சூரியப் புள்ளிகளும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடும் பஞ்சம் நிலவியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். பருவமழை ஏன் பொய்க்கிறது, அதனை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்று அரசாங்கமும் அறிஞர்களும் ஆராயத் தலைப்பட்டனர்.

சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகிறது என்பதனை ஜெர்மானியரான ஷ்வாபே 1843-இல் கண்டறிந்திருந்தார். பருவக் காற்றை இயக்குவது சூரிய வெப்பமே. எனவே புள்ளிகளின் ஏற்றத்தாழ்வுக்கும் மழையின் ஏற்றத்தாழ்வுக்கும் தொடர்பு இருத்தல் கூடும் என்று பலர் கருதினர். சூரியனை நாள்தோறும் ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது. 1895-இல் கொடைக்கானலில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899-இல் நிலையம் அமைந்தது. மிச்சி ஸ்மித் அதன் முதல் தலைவரானார்.

எவர்ஷெட்டின் சோதனை

1907-இல் ஜான் எவர்ஷெட் என்பவர் இந்நிலையத்தில் பணியேற்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் நிலையத்திலிருந்த ஹேல், சூரியப் புள்ளிகளில் வலிமை மிக்க காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். புள்ளிகளைச் சுற்றிலும் சுருள் போன்ற வடிவங்கள் அவர் எடுத்த படங்களில் காணப்பட்டன. மின்னூட்டம் பெற்ற வாயு சூறாவளிபோல் சுழல்வதாலேயே காந்தப்புலம் உண்டாகிறது என்பது அப்போதைய கொள்கை.

இக்கொள்கை சரியாயின், புள்ளியில் வாயுவின் சுழற்சி புலப்பட வேண்டும். அதனைச் சோதிக்க முற்பட்டார் எவர்ஷெட். மீனாட்சிபுரம் நிலையத்தை நெருங்கும் ரெயிலின் ஊதல் உயர்ந்த ஒலியாகவும், விலகிச் செல்லுகையில் தாழ்ந்த ஒலியாகவும் கேட்பதை மாணவர்கள் அறிவர். ஒளிக்கும் இது பொருந்தும். நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கமாகவும், விலகிச் செல்லும் வாயுவின் கோடுகள் சிவப்புப் பக்கமாகவும் சற்றே நகரும். இதுவே டாப்ளர் விளைவு.

1909 ஜனவரியில் எடுத்த படங்களில் எவர்ஷெட் கண்டது அவர் எதிர்பார்த்ததன்று. புள்ளி சூரிய விளிம்புக்கு அருகில் இருந்தபோது, வெளிறிய வளையத்தின் உட்பக்கத்தில், அதாவது சூரிய நடுப்பகுதியை நோக்கிய பக்கத்தில், கோடுகள் ஊதாவை நோக்கி நகர்ந்திருந்தன. விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தன. புள்ளி சூரிய வட்டத்தின் நடுவே வந்தபோது இந்நகர்ச்சி மறைந்தது.

வாயு சுழன்றிருந்தால் நகர்ச்சி இவ்விரு பக்கங்களில் தோன்றாது. அவற்றுக்குக் குறுக்கான மற்ற இரு பக்கங்களிலேயே தோன்றியிருக்கும். எனவே வாயு சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து நாற்புறமும், சூரியப் பரப்புக்கு இணையாக, வெளிநோக்கிப் பாய்கிறது என்று எவர்ஷெட் முடிவு செய்தார். இதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஒளியின் வேகமோ நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர். ஆகவே, கோட்டின் நகர்ச்சி அதன் அலைநீளத்தில் ஒன்றரை இலட்சத்தில் ஒரு பங்கே. இத்துணைச் சிறிய அளவை நம்பி, நிலைபெற்றிருந்த கொள்கையை மறுப்பதற்குக் கருவியில் நுட்பமும் மனத்தில் நேர்மையும் ஒருங்கே வேண்டும். இக்கண்டுபிடிப்பு இன்றும் உலகெங்கும் எவர்ஷெட் விளைவு என வழங்குகிறது.

கணக்கு தந்த விடை

மழைபற்றிய கேள்வி என்னவாயிற்று? 1904-இல் இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கணித வல்லுநர். அவர் நிலையங்கள் பலவற்றின் பல்லாண்டுப் பதிவுகளைத் திரட்டி, சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் உள்ள உறவைப் புள்ளியியல் முறையில் கணக்கிட்டார். முன்னறிவிப்புக்குப் பயன்படும் அளவுக்கு வலுவான தொடர்பு கிடைக்கவில்லை. புள்ளிச் சுழற்சியின்போது சூரியனின் மொத்த ஒளியாற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது என்பதைப் பிற்காலத்துச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின.

ஆயினும் வாக்கரின் உழைப்பு வீண்போகவில்லை. பசிபிக் கடற்பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற்பகுதியில் அது தாழ்வதையும், முன்னது தாழும்போது பின்னது உயர்வதையும் அவர் கண்டார். 1920-களில் இதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். 1969-இல் பியர்க்னெஸ் இதனைப் பசிபிக் கடல்நீர் வெப்பமடையும் எல் நினோ நிகழ்ச்சியுடன் இணைத்து விளக்கினார். இன்று பருவமழை முன்னறிவிப்பில் எல் நினோ முக்கிய இடம் பெறுகிறது. சூரியனிடம் கேட்ட கேள்விக்குக் கடலிலிருந்து ஒரு பகுதி விடை கிடைத்தது எனலாம்.

பதிவேட்டின் பயன்

கொடைக்கானலில் 1904 முதல் எடுக்கப்பட்டுவந்த சூரியப் படங்கள் ஒரு நூற்றாண்டுச் செல்வமாகத் திரண்டன. 1971 முதல் இந்நிலையம் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. பழைய கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் கணினியில் பதிவு செய்யப்பட்டு, பல நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகின்றன. அதே நிறுவனம் உருவாக்கிய சூரிய ஒளிவட்ட ஆய்வுக் கருவி, 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தில் சென்றது.

தகட்டை அன்றாடம் கழுவி, நாளும் நேரமும் குறித்து வைத்த ஊழியர்களில் பலர் தம் உழைப்பு எதற்குப் பயன்படும் என்று அறிந்திருக்க வழியில்லை. மழைமானியைப் பார்த்துக் குறிக்கும் களப்பணியாளருக்கும் இது பொருந்தும். மழை பெய்யாத நாளில் சுழியம் என்று எழுதுவதும் ஒரு விஞ்ஞானச் செயலே. அந்நாளை எழுதாமல் விட்டால், மழை இல்லையா, பதிவு இல்லையா என்பதைப் பின்வருவோர் அறிய இயலாது.

ஆசிரியர்கள் ஓர் அட்டையில் ஊசித்துளையிட்டு, இருண்ட அறையில் வெண்தாளின்மேல் சூரிய பிம்பத்தை விழச்செய்து மாணவர்களுக்குக் காட்டலாம். சூரியனை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கி வழியாகவோ நேரே பார்த்தல் ஒருபோதும் கூடாது என்பதையும் உடன் கற்பித்தல் கடமையாகும். பள்ளியில் ஒரு மழைமானி வைத்து, மாணவர்களைக் கொண்டே நாள்தோறும் பதிவு செய்விக்கலாம். எதிர்பார்த்த விடை வராதபோதும் கண்டதைக் கண்டவாறு எழுதும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றுமாயின், அதுவே விஞ்ஞானக் கல்வியின் முதற்பயன்.